உங்க ஊருக்கு வயசு என்ன பாஸ்?

ஒரு சின்ன டெஸ்ட். பேப்பர், பேனா எடுத்துக்குங்க.

உங்க ஊர் ஏரிக்கு எத்தனை மதகு? அந்த ஏரிக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது? நிரம்பி வழிஞ்சா எந்த ஊருக்குப் போகுது? உங்க தெருவுக்கு அந்தப் பேர் எப்படி வந்தது? உங்க தாத்தாவோட தாத்தா அதே ஊர்க்காரரா, இல்ல வந்து குடியேறினவரா?

அஞ்சுக்கு அஞ்சு வாங்கினவங்க தாராளமா அடுத்த பக்கத்துக்குப் போகலாம். ஒண்ணு, ரெண்டு வாங்கி பார்டர்ல பாஸ் ஆனவங்களும், முட்டை வாங்கினவங்களும் நம்ம கட்சி. உக்காருங்க, பேசுவோம்!

நான் சிவில் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். உத்திரமேரூர்லேர்ந்து மினி பஸ்ல இருபது நிமிஷம் போனா எங்க ஊர். ஊர்னு சொல்றதுகூட கொஞ்சம் ஓவர்தான். அரசாங்கக் கணக்குல அது 'குக்கிராமம்'. அதாவது, தாய்க் கிராமம்னு ஒண்ணு இருக்கும். அதுக்குக் கீழே ஒட்டிக்கிட்டு இருக்கிற குட்டி ஊர். அறுபது, எழுபது வீடு. ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தொடக்கப் பள்ளி, ஒரு ஏரி, ஏரிக்கு அந்தாண்ட காலனி. முடிஞ்சது!

'உங்க ஊரைப் பத்தி எழுதுப்பா'னு இந்தப் பத்திரிகைல சொன்னதும், நான் முதல்ல எடுத்த டாபிக் எங்க ஊர் இல்லை. பக்கத்துல உலக ஃபேமஸா ஒரு ஊர் இருக்கும்போது குக்கிராமத்தை யார் படிப்பாங்க? அதனால நேரா உத்திரமேரூர் போனேன். அங்கே ஒரு கல்லுச் சுவர் என்னைத் திருப்பி எங்க ஊருக்கே அனுப்பி வெச்சது. எப்படின்னு சொல்றேன்.

கல்லில் ஒரு எலெக்‌ஷன் கமிஷன்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடக்கிற தூரத்துல வைகுண்டப் பெருமாள் கோயில். மத்திய தொல்லியல் துறை பராமரிப்புல இருக்கு. கோபுரத்தைத் தேடாதீங்க. அது ஒரு மண்டபம். ஊர்ச் சபை கூடின இடம். சுவர் முழுக்க எழுத்து. அதுல ரெண்டு கல்வெட்டுதான் ஹீரோ. ரெண்டுமே முதலாம் பராந்தக சோழன் காலம். ஒண்ணு அவனோட 12-வது ஆட்சி ஆண்டு, கி.பி. 919. இன்னொண்ணு 14-வது ஆண்டு, கி.பி. 921.

அப்போ இந்த ஊர் பேர் 'உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம்'. தொண்டை மண்டலத்துல காலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. ஊரை 30 குடும்பா பிரிச்சிருந்தாங்க. இப்போ நாம வார்டுனு சொல்றோமே, அதான் குடும்பு. ஒவ்வொரு குடும்புலேயும் தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதி, கட்டா கட்டி, குடத்துல போடுவாங்க. சின்னவங்க பெரியவங்க எல்லாரும் அடங்கின மகாசபை கூடியிருக்கும். நம்பிமார்ல வயசுல பெரியவர் குடத்தைத் தூக்கி எல்லாருக்கும் தெரியற மாதிரி காட்டணும். உள்ளே என்ன இருக்குன்னே தெரியாத ஒரு பையன் ஓலையை எடுப்பான். அதை வாங்குற மத்யஸ்தர், அஞ்சு விரலையும் அகல விரிச்ச உள்ளங்கையிலதான் வாங்கணும். மூடின கையில இன்னொரு ஓலையை ஒளிச்சு வெச்சிருந்தா? அந்தச் சந்தேகம்கூட வரக் கூடாதாம். அவர் சத்தமா படிப்பார். அப்புறம் அங்கே இருக்கிற நம்பிமார் எல்லாரும் அதையே படிக்கணும். இதான் குடவோலை!

இப்படி குடும்புக்கு ஒருத்தரா 30 பேர். அதுல 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். கூட்டிப் பாருங்க, 30 சரியா வருதா? இது இல்லாம பொன் வாரியம், பஞ்சவார வாரியம்னு ரெண்டு, அதுலயும் தலா 6 பேர். பதவிக் காலம் 360 நாள். அதுக்கு மேல ஒரு நாள்கூட நாற்காலியைப் பிடிச்சிட்டு இருக்க முடியாது.

தகுதி லிஸ்ட்தான் செம! வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும். இன்னிக்குக் கணக்குல சுமாரா ஒன்றரை ஏக்கருக்கு மேல. சொந்த மனையில வீடு கட்டியிருக்கணும். வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள. வேதம் படிச்சிருக்கணும். போன மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவங்க பேர் குடத்துக்குள்ள போகாது. அடுத்தவன் சொத்தைத் திருடினவன் பேர் போகாது. எல்லாத்துக்கும் மேல, வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேர் போகாது. அவன் மட்டுமில்லை, அவனோட அப்பா, பிள்ளை, அண்ணன் தம்பி, மாமன், மருமகன், சித்தி பெரியம்மா பிள்ளைங்க வரைக்கும் அவுட்!

நம்ம பாஷையில சொன்னா, 919-ல் வந்தது வெர்ஷன் 1.0. அதுல வயசு வரம்பு 30-லேர்ந்து 60. ஓட்டிப் பார்த்தாங்க. ரெண்டே வருஷத்துல 921-ல் அப்டேட். வயசு 35-லேர்ந்து 70-னு மாறுச்சு, விதிகளை இன்னும் விவரமா செதுக்கினாங்க.

இந்தச் சுவர் ஆயிரம் வருஷமா அங்கேயேதான் இருந்தது. 1898-ல் கல்வெட்டுத் துறை படி எடுத்து, 1904-05 தொல்லியல் ஆண்டறிக்கையில வி.வெங்கய்யா விளக்கமா எழுதின பிறகுதான் உலகத்துக்குத் தெரிஞ்சது. அப்புறம் நீலகண்ட சாஸ்திரி எழுதினார். 1970-ல் ஃபிரான்சுவா க்ரோவும் இரா.நாகசாமியும் சேர்ந்து இந்த ஒரு ஊரைப் பத்தியே தனியா ஒரு பிரெஞ்சுப் புத்தகம் போட்டாங்க. 2020 டிசம்பர்ல டெல்லியில புது பார்லிமென்ட்டுக்கு அடிக்கல் நாட்டினப்போ, பிரதமர் பேச்சுலேயும் உத்திரமேரூர் வந்தது.

காலரைத் தூக்கிவிட்டுக்கலாம்தான். ஆனா நின்னு நிதானமா படிச்சா சுவர்ல ஒரு விஷயம் உறுத்தும். இது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். சபையும் அவங்க சபை. நிலம் இல்லாதவங்க, வேதம் படிக்க அனுமதி இல்லாதவங்க, பெண்கள் யார் பேரும் குடத்துக்குள்ள போகாது. தேர்ந்தெடுத்ததும் ஓட்டுப் போட்டு இல்லை, குலுக்கல் முறையில. 'உலகின் முதல் ஜனநாயகம்'னு போர்டு வைக்கிறவங்க இதையும் கீழே ஒரு வரி எழுதினா நல்லா இருக்கும்.

எனக்கு வந்த கேள்வி இதான்: ஏரி வாரியத்துல 6 பேர் இருந்தாங்க, சரி. அந்த ஏரிக் கரைக்கு மண்ணு சுமந்தவங்க எத்தனை பேர்? அவங்க எந்தக் குடும்பு? அவங்க ஊர் எங்கே? உத்திரமேரூரை ஒட்டி இருக்கிற பெரிய ஏரியைக் கல்வெட்டு 'வைரமேக தடாகம்'னு சொல்லுது. வைரமேகன்கிறது பல்லவ ராஜா தந்திவர்மனோட பட்டப் பேர். பேர் வெச்ச ராஜா யாருன்னு தெரியுது. வெட்டினவங்க?

சுத்தி இருக்கிற குக்கிராமங்கள்லதான் அந்த மிச்சக் கதை இருக்குன்னு தோணுச்சு. அதுல ஒண்ணு எங்க ஊர். கிளம்பிட்டேன்.

ஆபீஸ்ல ஒரு ஊர்... தரையில ஒரு ஊர்!

கூகுள்ல எங்க ஊர் பேரைத் தட்டினா பின்கோடு வருது. பக்கத்துல எந்த ஏ.டி.எம். இருக்குன்னு வருது. அவ்ளோதான்.

இங்கிலாந்துல கதை வேற. அங்கே 1086-ல் வில்லியம் ராஜா 'டூம்ஸ்டே' கணக்குனு ஊர் ஊரா எடுத்த பதிவு இருக்கு. எந்த ஊர்ல எத்தனை ஏர், எத்தனை மில்லுன்னு எழுதி வெச்சிருக்காங்க. 1899-ல் 'விக்டோரியா கவுண்ட்டி ஹிஸ்டரி'னு ஒரு வேலை ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு மாவட்டமா, ஒவ்வொரு கிராமமா வரலாறு எழுதறது. நூறு வருஷம் தாண்டியும் இன்னும் முடியலை, எழுதிட்டே இருக்காங்க. பத்து வீடு உள்ள ஊருக்கும் அதுல இடம் உண்டு.

'அவன் வெள்ளைக்காரன், எழுதி வைப்பான், நாம எங்கே...'னு பெருமூச்சு விடாதீங்க. டூம்ஸ்டேக்கு எண்பத்தஞ்சு வருஷம் முன்னாடியே, கி.பி. 1001 வாக்குல ராஜராஜ சோழன் நாட்டையே அளந்தான். அளந்த கோலுக்கே 'உலகளந்த கோல்'னு பேர். நம்ம ஏரியாவுக்கு இன்னொரு பொக்கிஷமும் இருக்கு. 1763-ல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீரா கொடுத்தார். 1767-லேர்ந்து 1774 வரைக்கும் தாமஸ் பர்னார்ட்னு ஒரு இன்ஜினீயர், ஆமாங்க நம்ம ஆள்தான், சுமார் 2,000 ஊர்களை சர்வே பண்ணினார். எத்தனை வீடு, யார் என்ன தொழில், எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, ஏரி எங்கே, தோப்பு எங்கே, யாருக்கு எவ்வளவு மானியம்னு ஊர் வாரியா கணக்கு. நீங்க காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம்னா உங்க ஊர் அதுல இருக்க நல்ல சான்ஸ் இருக்கு. எழும்பூர் ஆவணக் காப்பகம் எங்கேன்னு விசாரிச்சு வைங்க.

நான் ஈஸியான இடத்துலேர்ந்து ஆரம்பிச்சேன். வி.ஏ.ஓ. ஆபீஸ். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் மூணு விஷயம் இருக்கும். கிராம வரைபடம், புல வரைபடம், அ-பதிவேடு. கிராம வரைபடத்துல மொத்த ஊரும் சர்வே நம்பர் வாரியா துண்டு துண்டா தெரியும். புல வரைபடம் ஒவ்வொரு துண்டோட அளவைச் சொல்லும். அ-பதிவேடுல அந்த நம்பர் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கான்னு எழுதியிருக்கும். 'ஏரி', 'வாய்க்கால்', 'களம்', 'பாதை', 'மயானம்'னு புறம்போக்குகளை மட்டும் பச்சைப் பென்சில்ல கலர் அடிச்சுப் பாருங்க. உங்க ஊரோட எலும்புக்கூடு அப்படியே எழுந்து வரும்!

அதை மடிச்சுப் பையில போட்டுக்கிட்டு, கிளாஸ்மேட்ஸ் ரெண்டு பேர், ஒரு முப்பது மீட்டர் டேப், மூணு பாட்டில் தண்ணி சகிதம் நடக்க ஆரம்பிச்சோம். கூட வழிகாட்டி, எங்க ஊர் நீர்க்கட்டி தாத்தா.

நடமாடும் நூலகம்

நீர்க்கட்டின்னா தெரியுமா? ஏரித் தண்ணியை யார் வயலுக்கு எப்போ, எவ்வளவு விடறதுன்னு பார்த்துக்கிற ஆள். மதகைத் திறக்கறதும் மூடறதும் அவர்தான். அறுவடையில களத்துல அவருக்குன்னு நெல் அளப்பாங்க. எங்க தாத்தாவோட அப்பாவும் நீர்க்கட்டி. போர்வெல் வந்தப்புறம் அந்த வேலைக்கு மதிப்பு போயிடுச்சு. இப்போ எண்பது வயசு தாண்டியாச்சு. பிள்ளைங்க ஒரகடம் கம்பெனியில.

வரைபடத்துல '42/3'னு இருக்கிற இடத்தைக் காட்டினேன். தாத்தா கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டு, "நம்பர் எல்லாம் எனக்கு இன்னாத்துக்கு கண்ணு? அது கொக்கு மடுவு. கோடையிலயும் ஈரம் இருக்கும்" என்றார். அடுத்து ஒரு துண்டு, "இது பிள்ளையார் மானியம்." இன்னொண்ணு, "இது பஞ்சத்துல ரெண்டு மரக்கா கேழ்வரகுக்கு வித்த துண்டு." எந்தப் பஞ்சம் தாத்தா? "தாது வருசம்னு எங்க ஆயா சொல்லும்."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. தாது வருஷப் பஞ்சம்னா 1876. ஸ்கூல் புக்குல ஒரு வரியில தாண்டிப் போன விஷயம், எங்க ஊர்ல ஒரு வயலோட பேரா இன்னும் உசுரோட இருக்கு.

தாத்தாவுக்குத் தேதி தெரியாது. ஆனா எல்லாத்துக்கும் ஒரு அடையாளம் வெச்சிருக்கார். மேல மதகு இடிஞ்சது 'எம்.ஜி.ஆர். செத்த வருசம்'. அப்போ 1987. கரையில எல்லாரும் மணல் மூட்டையோட விடிய விடிய நின்னது 'இந்தப் பெரிய மழையில'. அது 2015. இப்படிப் பக்கத்துல பக்கத்துல எழுதிக்கிட்டே வந்தா, சாயங்காலத்துக்குள்ள ஒரு டைம்லைன் ரெடி.

பூகோளமும் அவர்தான் கத்துக் கொடுத்தார். நம்ம மாவட்டத்தை ஏரி மாவட்டம்னு சொல்வாங்க. இந்த ஏரிங்க எதுவும் தனித்தனித் தீவு இல்லை. மேல் ஏரி நிரம்பினா கலங்கல் வழியா வழிஞ்சு, வாய்க்கால்ல ஓடி, கீழ் ஏரிக்கு வரும். அது நிரம்பினா அதுக்குக் கீழே. சங்கிலி மாதிரி. கடைசியில செய்யாறோ, பாலாறோ. செய்யாறும் வேகவதியும் பாலாறும் சேர்ற இடம்தான் திருமுக்கூடல். அங்கே இருக்கிற பெருமாள் கோயில்ல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. 15 படுக்கையோட ஒரு ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடந்ததைச் சொல்லுது. ஆக, எங்க ஊர் கலங்கல்ல வழியற தண்ணி, ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் கடலுக்குப் போகுது. இதுக்கு மேல என்ன வேணும், சொல்லுங்க!

கரைக்கு அந்தாண்ட

மறுநாள் காலனிக்குப் போனோம். நான் பிறந்ததுலேர்ந்து ஏரிக் கரை வரைக்கும்தான் போயிருக்கேன். கரையைத் தாண்டி, ஒரு வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசினது அதான் முதல் தடவை. இருநூறு மீட்டர் தூரம்தான். டேப்ல அளந்தா சொல்லிடலாம்.

அங்கே ஒரு ஆயா. வெத்தலை இடிச்சுக்கிட்டே பேசினாங்க. "கோடையானா தமுக்கு அடிச்சிச் சொல்லுவாங்க. எங்க ஜனம்தான் மண்ணு வெட்டும். குடிமராமத்துன்னு பேரு. ஆம்பள வெட்டுவான், பொம்பள சுமப்போம். கரை ஒசர ஒசர எங்க இடுப்பு போச்சு. தண்ணி மட்டும் அந்தப் பக்கமே போவும். எங்களுக்கு இந்தப் பக்கம் இன்னா வயலு இருந்திச்சி?"

யாரும் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் ஆயாவே சிரிச்சாங்க. "எழுதிக்கோ, எழுதிக்கோ. இதெல்லாம் யாரு கேக்கறாங்க" என்றார். மேல மதகுக்கு அவங்க பக்கத்துல வேற பேர் இருந்தது. அந்த மதகுக்கு அஸ்திவாரம் தோண்டினப்போ மண்ணு சரிஞ்சு இறந்துபோன அவங்க வீட்டுப் பெரியவர் பேர். ஊர்ப் பக்கம் யாருக்கும் அது தெரியாது. நீர்க்கட்டி தாத்தாவுக்கே தெரியாது.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல நான் தேடின ஆள், இங்கே கிடைச்சார். நோட்டுல ஒரே மதகுக்கு ரெண்டு பேரையும் எழுதினேன்.

மேப்பில் ஆறு மீட்டர்

இனிமேதான் விஷயம் சீரியஸ். மேல் ஏரியிலேர்ந்து எங்க ஏரிக்கு வர்ற வரத்துக் கால், புல வரைபடத்துல ஆறு மீட்டர் அகலம். தாத்தா முன்னாடி நடக்க, நாங்க டேப்பைப் பிடிச்சுக்கிட்டே போனோம். முதல் நூறு மீட்டர் ஓ.கே. அப்புறம் நாலு மீட்டர். அப்புறம் ரெண்டு. ஒரு இடத்துல ஒன்றரை மீட்டர்தான். நான் ஒரே தாவுல தாண்டிட்டேன். ரெண்டு பக்கமும் நெல்லு பச்சைப் பசேல்னு நிக்குது. எங்க ஏரி ஏன் நாலஞ்சு வருஷமா முழுசா நிரம்பலைங்கற கேள்விக்கு அந்த இடத்துல பதில் இருந்தது.

குறுகின இடத்தை ஒட்டி மொத்தம் நாலு பேரோட வயல். அதுல ஒண்ணு எங்க பெரியப்பாவோடது.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பெரியப்பாகிட்டயே நேரா கேட்டேன். திட்டுவார்னு நினைச்சேன். திட்டலை. "நான் வாங்கினப்பவே அப்டித்தான்டா இருந்துச்சி" என்றார். அப்புறம் அவரே சொன்னார், "மழையே இல்லாத வருசம்லாம் வந்துச்சில்ல. தண்ணி வராத கால்வாய் சும்மா மேடாத்தான் தெரியும். ஆளுக்கொரு சால் தள்ளி ஓட்டுவான். வருசத்துக்கு ஒரு சாலு. யாருக்குக் கண்ணு தெரியும்?"

நான் படிச்ச எந்த ஹைட்ராலஜி புக்கும் இவ்வளவு சுருக்கமா சொன்னதில்லை. வாய்க்காலை யாரும் ஒரே ராத்திரியில முழுங்கறதில்லை. வருஷத்துக்கு ஒரு ஏர்ச்சால், அரை அடி. முப்பது வருஷத்துல பதினஞ்சு அடி.

"இதை கிராம சபையில சொல்லப் போறேன் பெரியப்பா."

"நம்ம பேரும்தான வரும்?"

"வரும்."

அவர் எழுந்து போயிட்டார். அம்மா, 'உனக்கு எதுக்குடா இந்த வேலை'ங்கற மாதிரி பார்த்தாங்க. 921-ல் கணக்குக் காட்டாதவனோட சொந்தக்காரங்க பேரைக்கூடக் குடத்துல போடக் கூடாதுன்னு ஏன் எழுதினாங்கன்னு அன்னிக்கு ராத்திரி நல்லா புரிஞ்சது. அந்த விதியை எழுதினவங்களுக்கும் பெரியப்பாங்க இருந்திருப்பாங்க.

ஆகஸ்ட் 15. தாய்க் கிராமத்துல பள்ளிக்கூட மரத்தடி. மொத்தமே எழுபது, எண்பது பேர். வரைபடத்தைப் பெரிசா வரைஞ்சு கொண்டுபோயிருந்தோம். எந்த இடத்துல எத்தனை மீட்டர் குறையுதுன்னு மட்டும் சொன்னேன். யார் வயல்னு நான் சொல்லலை, சொல்லத் தேவையும் இல்லை, எல்லாருக்கும் தெரியும். கூட வந்த நீர்க்கட்டி தாத்தா கோலை ஊனி எழுந்து, ஒவ்வொரு வளைவையும் பேர் சொல்லிச் சொன்னார். காலனி ஆயா வந்திருந்தாங்க. "வெட்டறதுனா கூலி குடுத்து வெட்டுங்க. தண்ணி எங்க பக்கமும் வரணும்" என்றார். பெரியப்பா கடைசி வரிசையில உக்காந்திருந்தார். எதிர்த்தும் பேசலை, ஆதரிச்சும் பேசலை. வாய்க்காலை அளந்து கல் நடணும்னு தீர்மானம் எழுதினாங்க. கையெழுத்து நோட்டு சுத்தி வந்தப்போ, பெரியப்பா கையெழுத்துப் போட்டார். நான் பார்த்தேன்.

ரெண்டு மாசம் கழிச்சு சர்வேயர் வந்தார். கல் நட்டாச்சு. இன்னும் வெட்டலை. அறுப்பு முடியட்டும்னு சொல்லியிருக்காங்க. பெரியப்பா என்கூட இன்னும் சரியாப் பேசறதில்லை. 'சாப்டியா' வரைக்கும் வந்திருக்கு. இது சினிமா இல்லை பாஸ், கடைசி ரீல்ல எல்லாரும் கட்டிப் பிடிச்சுக்க. ஆனா தீர்மான நோட்டுல எங்க குக்கிராமத்துப் பேரும், வாய்க்காலோட சர்வே நம்பரும், தேதியும் இருக்கு. நாளைக்கு யாராவது எங்க ஊர் வரலாற்றைத் தேடி வந்தா, அவங்களுக்குக் கிடைக்கிற கல்வெட்டு அதுதான்.

உங்க டர்ன்!

'எங்க ஊர்ல அப்படி ஒண்ணும் இல்லையே'னு இழுக்காதீங்க. ஊர் பேர்லேர்ந்தே ஆரம்பிக்கலாம். 'தாங்கல்'னு முடிஞ்சா அங்கே ஒரு சின்ன ஏரி இருந்திருக்கணும். 'மங்கலம்'னு முடிஞ்சா, பெரும்பாலும் ராஜா யாருக்கோ கொடுத்த ஊர். 'பாளையம்'னா படை தங்கின இடமா இருக்கலாம். சிட்டிப் பசங்களுக்கும் இதே சிலபஸ்தான். நுங்கம்பாக்கம் லேக் ஏரியாவுல ஏன் ஏரியே இல்லைன்னு என்னிக்காவது யோசிச்சீங்களா?

செமஸ்டர் லீவுல நாலே நாள் போதும். முதல் நாள், வி.ஏ.ஓ. ஆபீஸ். ரெண்டாவது நாள், ஊர்லயே வயசான அஞ்சு பேர். அதுல ரெண்டு பேராவது பெண்கள், ரெண்டு பேராவது உங்க தெருவைத் தாண்டி இருக்கிறவங்க; இது கண்டிஷன்! செல்போன்ல ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேட்டுட்டுப் பண்ணுங்க. மூணாவது நாள், கையில வரைபடத்தோட நடை. வழியில எழுத்து உள்ள கல் எதையாவது பார்த்தா போட்டோ எடுங்க. சுண்ணாம்பு அடிக்கிறது, பெயின்ட் பூசறது, கம்பியால சுரண்டறது எல்லாம் வேண்டாம். தொல்லியல் துறைக்குத் தகவல் சொன்னா அவங்களே ஈரத் தாளை ஒத்தி மைப்படி எடுப்பாங்க. நாலாவது நாள், எழுதுங்க. ரெண்டு காப்பி. ஒண்ணு ஊர் நூலகத்துல, ஒண்ணு ஸ்கூல்ல.

முக்கியமா, சீக்கிரம். எங்க ஊர்ல நாங்க பேசின அஞ்சு பேர்ல ஒருத்தர் தீபாவளிக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துட்டார். அவர்கிட்ட கேட்க நினைச்ச ரெண்டாவது லிஸ்ட் என் நோட்டுல அப்படியே இருக்கு.

கிராம சபை தமிழ்நாட்டுல வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்க ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா நீங்களும் உறுப்பினர். 18 வயசு போதும். கால் வேலி நிலம் வேண்டாம், சொந்த மனையில வீடு வேண்டாம், வேதம் வேண்டாம். ஆணா பெண்ணா, கரைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு கேள்வி கிடையாது. போகும்போது மறக்காம வரைபடத்தை எடுத்துட்டுப் போங்க. கூடவே ஒரு தாத்தாவையோ ஆயாவையோ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. மேடு பள்ளம் பார்த்து!